சுறாக்காவின் சின்னம் ஏன் வலது பக்கம்?

போன மாதம் ஒரு நாள் காலை, கோவில்பத்தில் என் வீட்டில் இரண்டாவது காப்பியைக் கையில் எடுத்த நேரத்தில் இளவரசன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொள்கிற தம்பி அவன்.

“அண்ணே, உடனே கெளம்பி வாங்க. சுறாக்காவுக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்க.”

“என்னடா சொல்ற?”

“செவுத்துல இருக்குற சுறாக்காண்ணே. நெஞ்சுல சின்னம் தப்பான பக்கம் இருக்காம். புது மேனேஜர் சாரு பெயின்டரக் கூட்டியாந்து ஏணியே போட்டாச்சு.”

எக்ஸ்ரே அறைக்கு வெளியே வராண்டாச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வீராங்கனை நிற்கிறாள். நீலச் சட்டை, இடுப்பில் இரண்டு கை, நிமிர்ந்த முகவாய். சட்டையின் வலது பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சுறாத் துடுப்பு. பேர் சுறாக்கா. எந்தப் படத்திலும் புத்தகத்திலும் தேடினால் கிடைக்கமாட்டாள். எங்கள் ஊர்க் கடற்கரையில் பிறந்தவள். அந்தத் துடுப்பை இடது பக்கம் மாற்றுவது, நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

“நான் வர்ற வரைக்கும் பெயின்டருக்கு டீ வாங்கிக் குடு. பேச்சுக் குடு. பேச ஆரம்பிச்சா பிரஷ் தானா கீழ எறங்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அங்கே போய் மேனேஜரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஏணி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் எக்ஸ்ரேக்காரன் ஆனது படித்து அல்ல, இருட்டில் நின்று. வரிச்சிக்குடியிலிருந்து சைக்கிளில் வந்து டார்க் ரூம் உதவியாளாகச் சேர்ந்தேன். சிவப்பு விளக்கில் பிலிமை மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பது வேலை. பிலிமில் எலும்பு மெள்ள மெள்ளத் தெரிந்து வருவதைப் பார்த்தால், முதல் தடவை பார்ப்பவனுக்கு மயிர்க்கூச்செறியும். எனக்குக் கடைசி வரைக்கும் கூச்செறிந்தது. பிறகு பரீட்சை எழுதினேன், சர்டிபிகேட் வாங்கினேன், வெளிச்சத்துக்கு வந்தேன். பயிற்சிக் கதை அவ்வளவுதான்.

நெஞ்சுப் படம் எடுக்க ஆளை நிறுத்துவதில்தான் வித்தையெல்லாம். சுவரோரம் நிற்கும் பலகையில் நெஞ்சை ஒட்டி, முகவாயை மேலே தூக்கி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, முழங்கை இரண்டையும் முன்னால் தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு விலகி நுரையீரலுக்கு வழிவிடும். பிறகு மூச்சை இழுத்துப் பிடிக்கணும். அசையக் கூடாது. சொல்வது சுலபம். வருகிறவர்கள் மனுஷர்கள் ஆயிற்றே.

கடலுக்குப் போகிற ஒரு பெரியவர், “தண்ணிக்குள்ள அடக்கச் சொல்லு, நண்டு புடிச்சிட்டே வர்றேன். இந்தப் பொட்டியப் பாத்தா மூச்சு நிக்க மாட்டேங்குதே” என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ தாத்தா ஒருவர் (பிரெஞ்சுச் சிப்பாய்க்கு எங்கள் ஊரில் அந்தப் பேர்தான்), மூச்சைப் பிடி என்றதும் பிடித்தார்; விடச் சொல்லும் வரை விடமாட்டேன் என்று முகம் சிவக்க நின்றார். பட்டாளத்துக்காரரிடம் உத்தரவு போட்டால் ரத்து பண்ணவும் மறக்கக் கூடாது. தலத்தெருவிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், கழுத்துச் சங்கிலி நிழல் விழும், கழற்றுங்கள் என்றேன். “தாலியவா? வெளில அவரு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரே, தம்பி!” என்றார். அதற்கும் வழி உண்டு. தாலிச் சரடை மேலே தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்வோம். படமும் சுத்தமாக வரும், அந்த நேரம் பேச்சும் இருக்காது. “இதுக்காவே இவள தெனமும் கூட்டியாரலாம் போலருக்கே” என்று குத்துக்கல் வாசலிலிருந்து சொன்னது.

இதில் குழந்தைகள் தனி. இருட்டு அறை, பெரிய இயந்திரம், வெளியே அம்மா. அழாமல் என்ன செய்யும்? நான் பார்த்தேன். இடுப்பில் கை, நிமிர்ந்த நெஞ்சு, தூக்கிய முகவாய். உலகத்தில் வேறு யார் இப்படி நிற்கிறார்கள்? படக்கதையில் வருகிற வீரர்கள்தானே! அன்றிலிருந்து, “எங்க, வீரன் மாதிரி நில்லு” என்பேன். அழுத பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிரும். வீரனுக்கு நெஞ்சில் சின்னம் வேண்டாமா? அதற்கும் கைவசம் ஒன்று வைத்திருந்தேன்.

படத்தில் வலது எது, இடது எது என்று தெரிய, பலகையின் வலது மூலையில் ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றை ஒட்டுவது முறை. ஈயம் கதிரை மறிக்கும்; படத்தில் வெள்ளையாக விழும். எங்கள் எழுத்து எப்போதோ தொலைந்துவிட்டது. புதிது கேட்டால் வரும் வரும் என்றார்கள். வரும் வரும் என்பது வந்ததாக ஆகாது. அந்த நண்டுப் பெரியவர் தன் வலையின் ஈயக் குண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தட்டித் தகடாக்கி நட்சத்திரமாக வெட்டினேன். படத்தில் நட்சத்திரம் எந்தப் பக்கமோ அது வலது. இதுதான் எங்கள் சட்டம்.

என் மேலதிகாரி டாக்டர் வசந்தா அம்மாவிடம் பயந்துகொண்டே காட்டினேன். எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைவி அவர். திட்டியே பார்த்ததில்லை; திட்ட வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அந்தத் துடைப்பு முடிவதற்குள் நமக்கு வேர்த்துவிடும். அன்று துடைக்கவில்லை. நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எழுத்தா இருந்தா என்ன, நட்சத்திரமா இருந்தா என்ன? தெனமும் ஒரே பக்கம் இருக்கணும், அவ்ளோதான்” என்றார்.

அவரிடம் இன்னொரு பழக்கம். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினதும் பார்க்கமாட்டார். முதலில் ஆளிடம் போவார். ஸ்டெதாஸ்கோப்பின் முனையை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டே, என்ன சாப்பிட்டீங்க, எந்த ஊர், பஸ் கிடைச்சுதா என்று விசாரிப்பார். பிறகுதான் படம். “ராசு, படம் ஆளோட நெழல்தான். நெஜம் வெளில பெஞ்சுல ஒக்காந்திருக்கு” என்பார். பதறாத காரியம் சிதறாது என்கிற பழமொழிக்குக் கை கால் முளைத்தால் அவரைப் போலத்தான் நடக்கும்.

நட்சத்திரத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, “உன் சின்னம், நீயே ஒட்டு. சோத்துக்கைப் பக்கம்” என்பேன். சோறு சாப்பிடுகிற கை வலது கை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஒட்டிவிட்டுக் கம்பீரமாக நிற்கும். ஈரப் படத்தைத் தூக்கிக் காட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைப் பார்க்கும். “மாமா, உள்ள மாங்கா இருக்கு!” என்று கத்தினான் ஒரு பயல், இதயத்தின் நிழலைப் பார்த்து. மாங்கனித் திருவிழா ஊரில் பிறந்தது வேறு என்ன சொல்லும்?

கயல் வந்தது ஒரு பங்குனி மாதக் காலையில். கடலோரக் குப்பத்துப் பெண். நாலாம் வகுப்பு. அம்மா மங்கை மீன் கூடை சுமப்பவர். அப்பா கடலில் இருந்தார். முந்தின நாளிலிருந்து வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல். வலி இடது பக்க அடிவயிற்றில். டூட்டி டாக்டர் இளைஞர், நல்ல பையன். குடல்வால் வீங்கினால் வலி வலது பக்கம் வரும். இவளுக்கோ இடது. அதனால் அது இல்லை என்று நினைத்தார். இருமலும் இருந்ததால் எதற்கும் ஒரு நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எழுதினார்.

ஆயா சரோஜா அக்கா பிள்ளையின் கவுனைக் கழற்றி ஆஸ்பத்திரி அங்கியை மாட்டி அழைத்துவந்தார். வலியில் குனிந்தபடியே வந்தாள். நட்சத்திரத்தைக் கையில் கொடுத்ததும் கேள்வி பிறந்துவிட்டது.

“இது யாரோட சின்னம்?”

“உன்னோடதுதான்.”

“எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கே.”

“ரெண்டா வச்சுக்க. ஒட்டு பாப்போம், சோத்துக்கைப் பக்கம்.”

ஒட்டினாள். நிமிர முடியாமல் நிமிர்ந்தாள். மூச்சைப் பிடித்தாள். எடுத்தேன். பிலிமைக் கழுவித் தூக்கிப் பார்த்தால், இதயம் நட்சத்திரத்தின் பக்கம் இருந்தது. அதாவது வலது பக்கம்.

டூட்டி டாக்டர் பார்த்தார். “என்னண்ணே, நட்சத்திரம் எடம் மாறிப்போச்சா?”

“இல்லைங்க டாக்டர். வலது மூலையிலதான்.”

“யாரு ஒட்டினது?”

“பாப்பாதான். சோத்துக்கைப் பக்கம்னு சொன்னேன்.”

வாசலில் நின்ற மங்கை தலையில் அடித்துக்கொண்டார். “அய்யோ சாரு, அது பீச்சாங்கையாலதானே திங்கும்! எவ்ளோ அடிச்சாலும் மாத்திக்க மாட்டேங்குது, சனியன்.”

எங்கள் ஊரில் ஆயிரம் பிள்ளைக்குச் சொன்னாலும் தப்பாத அடையாளம் இந்த ஒரு பிள்ளையிடம் தலைகீழாகிவிட்டது. டாக்டர் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா? இடது பக்கம் ஒட்டியிருக்கு. இதயம் அதும் பக்கத்துலதான் இருக்கும். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

படம் எடுக்கும் முன் மூலையைப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் பார்த்தேன், வலது மூலைதான். ஆனால் “நிச்சயமா?” என்று ஒருவர் கேட்டவுடன், நிச்சயமாகத் தெரிந்தது கூட ஒரு சுற்றுச் சுற்றும். வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் தோன்றுமே, அந்த மாதிரி. இன்னொரு படம் எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் இயந்திரம் ஜெனரேட்டரில் ஓடாது.

டாக்டருக்கு வெளியே நீளமான வரிசை. அவர் மருந்துச் சீட்டை எழுதி மங்கையிடம் கொடுத்துவிட்டார். மங்கை மடியில் சொருகிக்கொண்டார். “பன்னண்டு மணி பஸ்ஸ விட்டா வெயில்ல நடக்கணும்” என்று பிள்ளையின் கையைப் பிடித்தார். நட்சத்திரம் இடம் மாறியிருந்தால் ஒன்றுமில்லை. கஷாயம் குடித்துத் தூங்கினால் சரியாகும் வலி. நட்சத்திரம் சரி என்றால், இதயம் வலது பக்கம். இதயம் இடம் மாறிப் பிறந்த பிள்ளைக்கு வயிற்றில் உள்ளதும் இடம் மாறியிருக்கக் கூடும். குடல்வாலும்தான். அப்படியானால் அந்த இடது பக்க வலியோடு பஸ் ஏறக் கூடாத பிள்ளை இது.

“அக்கா, ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று மங்கையைக் கும்பிடாத குறையாக நிறுத்திவிட்டு, ஈரம் சொட்டும் படத்தோடு வசந்தா அம்மாவின் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எனக்கு உலகமே நின்றது.

“படத்தக் கீழ வைங்க ராசு. ஆளப் பாப்போம்.”

வராண்டா பெஞ்சில் சரோஜா அக்கா பிள்ளைக்குத் திரும்பக் கவுன் மாட்டிக்கொண்டிருந்தார். நீலக் கவுன். அதில் மிட்டாய் சுற்றின தங்க ஜிகினாத் தாளில் வெட்டின ஒரு முக்கோணம், வலை நூலால் கன்னாபின்னா என்று தைத்திருந்தது. வசந்தா அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்டெதாஸ்கோப் முனை உள்ளங்கைக்குள் போயிற்று.

“இது என்ன, சமோசாவா?”

வலியிலும் பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. “சமோசா இல்ல, சுறாத் துடுப்பு. நான் சுறாக்கா.”

“அப்டியா? எனக்குத் தெரியாதே. சுறாக்கா என்ன பண்ணுவாங்க?”

“நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சுன்னா போட்டத் தள்ளிட்டு வருவாங்க. எங்கப்பா போட்டக் கூட.”

“அது சரி. துடுப்பு எதுக்கு?”

“கஷ்டம் வந்தா துடுப்பு மேல கைய வைக்கணும். உள்ள டொம் டொம்முனு அடிக்கும்ல? அது தண்ணில போயி சுறாக்காவுக்குக் கேக்கும். அதனால எங்க அடிக்குதோ அங்கதான் தைக்கணும். அதான் ரூலு.”

மங்கை இடையில் புகுந்தார். “இது ஒரு வெளயாட்டுங்கம்மா. குப்பத்துப் புள்ளைங்க எல்லாம் இப்டித்தான் குத்திக்கிட்டுத் திரியுதுங்க. எல்லாம் ஒழுங்கா இடது பக்கம் தச்சிருக்குதுங்க. இது மட்டும் கோணக்கழுதை, வலது பக்கம். பயலுவொ ‘கோணச் சுறா, கோணச் சுறா’ன்னு கூப்புட்டு இது நேத்து ஒருத்தனக் கடிச்சே வச்சிருச்சு.”

“சுறான்னா கடிக்கத்தான் செய்யும்” என்றார் சரோஜா அக்கா.

வசந்தா அம்மா சிரிக்கவில்லை. “ஏம்மா வலது பக்கம் தச்ச?”

கயல் எங்கள் எல்லாரையும் பாவம் போலப் பார்த்தாள். “எனக்கு அங்கதானே அடிக்குது? மாமா குடுத்த நட்சத்திரத்தயும் அந்தப் பக்கம்தான் ஒட்டுனேன். அடிக்காத எடத்துல தச்சா சுறாக்காவுக்கு எப்டிக் கேக்கும்?”

வசந்தா அம்மா ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்கம் வைத்தார். காதைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு ஜிகினாத் துடுப்பை மெதுவாகத் தூக்கி அதன் அடியில் வைத்தார். அவர் முகத்தில் முதலில் ஒரு ஆச்சரியம், அப்புறம் ஒரு அவசரம். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“இங்கதான் அடிக்குது. ராசு, படம்.”

கொடுத்தேன். விரலால் கீழே தொட்டுக் காட்டினார். இரைப்பைக்குள் இருக்கும் காற்று, படத்தில் கறுப்புக் குமிழாகத் தெரியும். சாதாரணமாக இடது பக்கம். இங்கே அதுவும் நட்சத்திரத்தின் பக்கம். கண்ணாடியில் தெரிகிற பிள்ளை போல உள்ளே எல்லாமே இடம் மாறி இருந்தது. டூட்டி டாக்டரை அழைத்தார். அந்தத் தம்பி தானும் காதில் வைத்துக் கேட்டார். ஒரு கணம் கூட வீம்பு பிடிக்கவில்லை. “சர்ஜன நான் கூப்புடுறேன் மேடம்” என்று ஓடினார்; அவர் செருப்பு ஒன்று வராண்டாவிலேயே கிடந்தது.

மங்கை பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எம் புள்ளைக்கு நெஞ்சு எடம் மாறிப் போச்சா? பொழைக்குமாம்மா?”

“மாறிப் போகல. பொறந்ததுலேருந்து அங்கதான் இருக்கு. நல்லாத்தான் அடிக்குது. வயித்துல குடல்வால் வீங்கியிருக்கு, அத மட்டும் எடுத்துடுவாங்க” என்று வசந்தா அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேளை, ஒங்க பொண்ணு ரூலு மாறாம தச்சிருக்கா.”

அன்று மதியமே ஆபரேஷன். சர்ஜன் வழக்கத்துக்கு மாறாக இடது பக்கம் திறந்தார். குடல்வால் வெடிக்கிற பதத்தில் அங்கே இருந்தது. “வீட்டுக்கு அனுப்பியிருந்தா...” என்று ஆரம்பித்து முடிக்காமல் கை கழுவப் போய்விட்டார். கடலிலிருந்து திரும்பிய அப்பா, வலையை அப்படியே கரையில் போட்டுவிட்டு உப்பு காயாத லுங்கியோடு வந்து நின்றார். மகளின் நெஞ்சில் வலது பக்கம் கையை வைத்துப் பார்த்தார். “எத்தன நா தூக்கித் தோள்ல போட்ருப்பேன். எனக்கு வெளங்கலையே” என்றார். “ஒனக்கு எஞ்சின் சத்தத்துல காது போச்சுப்பா” என்றாள் அவள், மயக்கம் தெளிந்தும் தெளியாமலும்.

வீட்டுக்குப் போகிற அன்று மருந்து, மாத்திரை எதையும் கேட்கவில்லை. எக்ஸ்ரே படத்தைத்தான் கேட்டாள். வசந்தா அம்மா கொடுக்கச் சொன்னார். அதைப் பள்ளிக்கூட ஜன்னலில் சூரியனுக்கு எதிராகப் பிடித்து, கோணச் சுறா என்று கூப்பிட்ட பயல்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் காட்டினாளாம். கடிபட்டவன்தான் முதல் வரிசை. மறுவாரம் குப்பத்தில் நாலைந்து பிள்ளைகள் துடுப்பைப் பிய்த்து வலது பக்கம் தைத்துக்கொண்டன என்று மங்கை வந்து சொல்லிச் சிரித்தார். கூடவே ஒரு கூடை மத்தி.

அதற்கப்புறம் சுவரில் சுறாக்காவை வரையச் சொன்னது நாங்கள்தான். அன்றைக்கு வந்த பெயின்டரும் முதலில் இடது பக்கம்தான் போட்டார். “நெஞ்சுன்னா இடதுதானே சார், எனக்குத் தெரியாதா?” என்றார். அழித்து மாற்ற வைத்தேன். குழந்தைகள் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் சொல்லிக் கொடுக்காமலே இடுப்பில் கை வைத்து நின்றன. ஈய நட்சத்திரத்துக்கு மட்டும் கயல் வந்த நாளிலிருந்து ஒரு சட்டம் கூடியது: பிள்ளை ஒட்டும்; பிறகு நான் அதன் தோளைத் தொட்டு, நட்சத்திரத்தைத் தொட்டு, வாய்விட்டு “வலது” என்று சொல்வேன். சரோஜா அக்கா வாசலிலிருந்து “வலது” என்று எதிரொலிப்பார். கோயிலில் மணி அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டரே பக்கத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆனாலும் இளவரசன் வாய்விட்டுச் சொல்கிறான் என்று கேள்வி. நல்லது.

கயலுக்கு இப்போது ஒரு பையன். அவன் பிறந்த உடனே அவளே போன் செய்தாள். “மாமா, நெஞ்சுல கைய வச்சுப் பாத்துட்டேன். இடது பக்கம்தான் அடிக்குது.” குரலில் கொஞ்சம் ஏமாற்றம். “பரவால்ல, எல்லாரையும் போல இருந்துட்டுப் போறான்.”

இவ்வளவையும் அன்று வராண்டாவில் நின்று சொல்லி முடித்தேன். டீ டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. மேனேஜர் சார் நல்ல மனிதர். தப்பைத் திருத்த வேண்டும் என்றுதான் ஏணி போட்டார், வேறு எண்ணம் இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் கை மட்டும் தானாக எழுந்து சட்டைப் பைக்கு மேலே போய்ப் பதிந்தது. கொஞ்சம் தேடியது. இளவரசனும் வைத்துப் பார்த்தான். மருந்து வாங்க வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். ஒரு அம்மா இடுப்புக் குழந்தைக்கும் வைத்துப் பார்த்தார்.

ஏணியின் மேல் படியிலிருந்து பெயின்டரின் குரல் வந்தது. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கை நெஞ்சில்.

“எனக்கு இடதுதான் சார்.”

“சரி” என்றார் மேனேஜர். “அவங்களுக்கு வலது. இருக்குற எடத்துலயே தங்கக் கலர மட்டும் இன்னொரு கோட்டு அடிச்சு விடுங்க.”